புகையிலை இலைக்குப் போன மரபணு மூலனூர்ப் பாத்திக்கு எப்போது வரும்?

தமிழ்நாட்டின் மூலிகைப் பயிர் ஆராய்ச்சிக்கும் அதற்கான நிதிக்கும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும்,

ஆனி பாதி போய்விட்டது. மூலனூர், அரவக்குறிச்சி, கள்ளிமந்தயம் பக்கம் கண்வலிக்கிழங்குக்கு, அதாவது செங்காந்தள் கிழங்குக்கு, முன்பணம் பேசும் நேரம் இது. பேசுகிறவர் கையில் இருப்பவை ஒரு சாக்கும் ஒரு தராசும்தான். அந்தக் கிழங்கு எந்தத் தோட்டத்து வகை, அதன் விதையில் கொல்கிசின் என்ற மருந்துச் சத்து எத்தனை விழுக்காடு, அழுகல் நோய் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் ஒரு துண்டுச் சீட்டுகூட அந்தச் சாக்கோடு வராது. போன ஆண்டும் வரவில்லை, அதற்கு முந்தைய ஆண்டும் வரவில்லை. இதை இனியும் வழக்கம் என்று ஏற்றுக்கொள்ள முடியாததால் இந்த மடலை எழுதுகிறோம். நாங்கள் இந்தப் பயிரை வைப்பவர்களும், பயிரியல் படித்துவிட்டு இந்தப் பயிரோடு இருப்பவர்களும்.

முதலில், உலகம் இந்தச் செடியை வைத்து என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். 2020-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் சாட்டலியின் ஆய்வுக்கூடம், செங்காந்தள் செடிக்குள் கொல்கிசின் எப்படி உருவாகிறது என்பதைப் படிப்படியாக அவிழ்த்து நேச்சர் இதழில் வெளியிட்டது. இந்தச் செடியிலிருந்து எட்டு மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். அவற்றையும் சேர்த்து மொத்தம் 16 நொதிகளுக்கான மரபணுக்களை, புகையிலைக்குப் பங்காளி முறையான நிகோட்டியானா பென்தாமியானா என்ற செடியின் இலைக்குள் செலுத்தினார்கள். ஃபினைல்அலனின், டைரோசின் என்ற இரண்டு சாதாரண அமினோ அமிலங்களில் தொடங்கி, கொல்கிசினுக்கு முந்தைய கட்டமான என்-ஃபார்மைல்டெமெகொல்சின் வரைக்கும் அந்த இலை செய்து காட்டியது. செங்காந்தளின் முழு மரபணுத் தொகுதி கையில் இல்லாமலேயே இதைச் செய்தார்கள் என்பதையும் கவனியுங்கள். நம் மாநில மலரின் உள்வேலையில் பெரும்பகுதி இப்போது எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்து நம் பாத்திக்கு ஒரு நல்ல கிழங்கு கொண்டுவரும் வேலைதான் நடக்கவில்லை.

கொல்கிசின் ஏன் முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கௌட் வலிக்கு இது பழைய மருந்து. இதயத்தைச் சுற்றிய உறையின் அழற்சிக்குக் கொடுக்கிறார்கள். இதய ரத்தக்குழாய் நோய்க்காக நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் என்ற சிறிய அளவை அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2023 ஜூனில் அனுமதித்தது. 2019-லும் 2020-லும் வெளியான பெரிய ஆய்வுகள் அதற்குத் துணை நின்றன. 2024-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, மாரடைப்பு வந்தவர்களுக்கு அப்படிப் பலன் தெரியவில்லை என்றது. ஆகவே உலகச் சந்தை நாளையே பெருகிவிடும் என்று நாங்கள் கனவு காணவில்லை. ஆனால் இதே விதையில் இருக்கும் கொல்கிகோசைடு என்ற சேர்மத்திலிருந்துதான் தையோகொல்கிகோசைடு என்ற தசை தளர்த்தும் மருந்து செய்யப்படுகிறது. முதுகுப்பிடிப்புக்கு மருந்துக்கடையில் வாங்கும் பல மாத்திரைகளில் அது இருக்கிறது. ஆகத் தேவை இரண்டு வழியில் வருகிறது.

மருந்தோடு நின்றாலும் பரவாயில்லை. பயிர்ப்பெருக்கமே இந்த மூலக்கூறுக்குக் கடன்பட்டிருக்கிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்குழல்களைக் கொல்கிசின் கட்டிப்போடும். குரோமோசோம் இரட்டித்துவிடும், செல் மட்டும் பிரியாது. 1937-ல் பிளேக்ஸ்லீ இதைச் செடிகளில் காட்டிய பிறகுதான் குரோமோசோம் எண்ணிக்கையை வேண்டும்போது இரட்டிப்பாக்கும் வசதி வந்தது. விதையில்லாத் தர்பூசணிக்குத் தாய்ச்செடி உருவாக்குவதும், கோதுமையையும் ரையையும் கலந்த டிரிட்டிகேல் விதை கட்டுவதும், மக்காச்சோளத்தில் ஒற்றைக் குரோமோசோம் தொகுதி மட்டும் உள்ள செடிகளை இரட்டிப்பாக்கி வீரிய ஒட்டுக்குப் பெற்றோர் தயாரிப்பதும் இதன் கைவேலைதான். உலகத்துப் பயிர்களையெல்லாம் மேம்படுத்திய மூலக்கூறைத் தன் விதையில் வைத்திருக்கும் இந்தச் செடியை மட்டும் யாரும் பெரிதாக மேம்படுத்தவில்லை.

இனி கணக்குக்கு வருவோம். விதையில் கொல்கிசின் 0.5 விழுக்காடு என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ விதையில் 5 கிராம். அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கணக்கிட்டால் 10,000 மாத்திரை. பிரித்தெடுப்பதில் பாதி வீணானாலும் 5,000. இந்த எண்ணை இன்னொரு செடியோடு ஒப்பிட்டால்தான் அதன் பொருள் விளங்கும். நித்தியகல்யாணியின் காய்ந்த இலை 500 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் ஒரு கிராம் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைக்கும். அதனால்தான் 2022-ல் வின்பிளாஸ்டினின் முன்பொருள்களை ஈஸ்ட்டிலேயே செய்து காட்டினார்கள். செடியில் மருந்து எவ்வளவு அரிதோ, அவ்வளவு சீக்கிரம் நொதிகலன், அதாவது ஈஸ்ட்டை வளர்த்து மருந்து எடுக்கும் தொட்டி, அந்தப் பயிரை விழுங்கும். தென்மாவட்டங்களில் நித்தியகல்யாணி வைப்பவர்களுக்கும் இது எச்சரிக்கை. கொல்கிசின் அப்படி அரிதானது அல்ல. விதையிலேயே கிராம் கணக்கில் இருக்கிறது. நொதிகலனோடு போட்டி போட்டு நிற்கக்கூடிய பயிர் இது. விளைச்சலையும் சத்தையும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதும்.

இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் மருந்து சீனத்து மாசிப்பத்திரி இனச் செடியிலிருந்து வருகிறது. 2005 வாக்கில் அதன் விலை கிலோ ஆயிரம் டாலரைத் தொட்டது. எல்லோரும் விதைத்தார்கள். இரண்டே ஆண்டில் விலை அதில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போனது. விதைத்தவர்கள் விட்டார்கள், மறுபடி தட்டுப்பாடு வந்தது. அந்த ஊசலாட்டத்தை நிறுத்தத்தான் மாற்றியமைத்த ஈஸ்ட்டைக் கொண்டு சனோஃபி நிறுவனம் இத்தாலியின் கரேசியோவில் 2013-ல் தயாரிப்பைத் தொடங்கியது. என்ன ஆனது? செடியிலிருந்து எடுத்த மருந்து கிலோ 250 டாலருக்கும் கீழே கிடைத்தது. ஈஸ்ட் மருந்துக்கு 350 முதல் 400 டாலர் ஆனது. 2015-ல் அந்த ஆலை ஒரு கிராம்கூடச் செய்யவில்லை, அடுத்த ஆண்டு ஆலை கைமாறியது. இதே காலத்தில் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் அந்தச் செடிக்கு மரபணு வரைபடம் போட்டு (2010), அதைக் கொண்டு சத்து கூடிய வீரிய ஒட்டுகளைத் தேடியது. அங்கே பயிருக்கும் ஆராய்ச்சி இருந்தது, நொதிகலனுக்கும் ஆராய்ச்சி இருந்தது. இங்கே நொதிகலன் பக்கம் மட்டும் வண்டி கிளம்பிவிட்டது.

பாத்தியில் என்ன நடக்கிறது என்று இப்போது பாருங்கள்.

கிழங்குதான் இந்தப் பயிரின் முதல் செலவு, பெரிய செலவு. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45 என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 15,000 கிழங்கு வேண்டும். ஒவ்வொன்றும் 50 கிராமுக்குக் குறையக் கூடாது. அதாவது முக்கால் டன். இளைத்த கிழங்கை நட்டால் கொடி வரும், பூ வராது. கிழங்கு கலப்பை மாதிரி கவைத்து இருக்கும். அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்ற பெயரும். ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. உருளைக்கிழங்குக்குப் போல இதற்குப் பல கண் கிடையாது. அந்த நுனி உடைந்தால் அந்தக் கவை போச்சு. லாரியில் சாக்குச் சாக்காக அடுக்கி வரும் கிழங்கில் எத்தனை நுனி உடைந்திருக்கிறது என்பது நட்டு மூன்று வாரம் கழித்துப் பாத்தியில் விழுந்த இடைவெளியைப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் பணம் கொடுத்தாயிற்று.

உடையாமல் வந்தாலும் அழுகல் வரும். கவையைப் பிரித்த இடத்தின் ஈரம் காயாமல் குவித்துப் போட்டால், குவியலின் உள்ளே சூடேறி மேக்ரோஃபோமினா, ஸ்கிளரோசியம் என்ற அழுகல் பூஞ்சைகள் தொற்றிக்கொள்ளும். நிழலில் பரப்பி வெட்டுவாயை ஆறவிட்டு, பூஞ்சைக்கொல்லியிலோ டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்க் கரைசலிலோ அரை மணி நேரம் முக்கி, வடிந்த பிறகு நடவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: வாங்கிய கிழங்கு ஏற்கெனவே நோயோடு வந்ததா என்பது. கிழங்கால் பெருகும் எந்தப் பயிருக்கும் இதுதான் சாபம். தாயின் நோய் பிள்ளைக்கு அப்படியே வரும். உருளைக்கிழங்குக்கும் வாழைக்கும் இதற்காகவே சான்றுபெற்ற விதைக்கிழங்கும் திசு வளர்ப்புக் கன்றும் வந்தன. செங்காந்தளைத் திசு வளர்ப்பில் பெருக்கும் முறைகள் ஆய்வேடுகளில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் எத்தனை பட்டம் வாங்கிக் கொடுத்தன என்று எண்ணலாம். எத்தனை ஏக்கருக்குக் கிழங்கு கொடுத்தன என்று எண்ண விரல் தேவைப்படாது.

வகை என்று ஒன்று இல்லாததன் விலை இதைவிட அதிகம். ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்துக் கொடிகளில் ஒன்று காயால் தொங்கும், ஒன்று பூத்துப் பூத்து உதிர்க்கும். விதையின் சத்திலும் செடிக்குச் செடி, ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. காய் அதிகம் பிடிக்கும் கொடிக்குத் துணி கட்டி அடையாளம் வைத்து, கொடி காய்ந்த பின் அந்தக் கிழங்கை மட்டும் தனியே தோண்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல பழக்கம். ஆனால் துணி கட்டுபவருக்குக் காயின் எண்ணிக்கை தெரியும், உள்ளே இருக்கும் கொல்கிசின் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தேர்வு செய்வதுதான் பயிர்ப்பெருக்கம். அந்த இரண்டாவது கண் உங்களிடம்தான் இருக்கிறது.

விதையிலிருந்து செடி எடுத்துப் புதிய சேர்க்கைகளைப் பார்க்கலாமே என்றால், விதை பல மாதம் உறங்கும். முளைத்த பிறகும் பூக்கும் அளவுக்குக் கிழங்கு பருக்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். எந்த உழவரும் அதற்கு நிலத்தை ஒதுக்க முடியாது. ஸ்டான்ஃபோர்டு வேலை நமக்குப் பயன்படக்கூடிய இடம் இதுதான். எந்த மரபணுக்கள் கொல்கிசினைச் செய்கின்றன என்று தெரிந்துவிட்ட பிறகு, அந்த மரபணுக்களிலும் அவற்றை ஒட்டியும் உள்ள வேறுபாடுகளைக் குறியீடுகளாக வைத்து நாற்றுப் பருவத்திலேயே கழிக்க வேண்டியதைக் கழிக்கலாம். நாற்றின் இலையில் உள்ள அளவு நாளை விதையில் வரும் அளவைச் சொல்லிவிடும் என்று நாங்கள் வாதிடவில்லை. மண், வெயில், காய் முதிர்ந்த நாள் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். ஆனால் ஆயிரம் நாற்றில் நூறாகக் குறைக்க முடிந்தால் நான்கு ஆண்டுக் காத்திருப்பு பொருளுள்ளதாகும்.

அடுத்தது மகரந்தச் சேர்க்கை. செங்காந்தள் பூவில் சூல்தண்டு சூற்பையிலிருந்து செங்கோணத்தில் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். மகரந்தப்பைகள் ஆறும் வேறு திசையில் விரியும். பூ தன் மகரந்தத்தைத் தான் வாங்காமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் தேனீயும் வந்தால் காய் பிடிக்கும். வராத தோட்டத்தில் ஆள் வைத்து, காலை வெயில் ஏறுமுன், ஒரு கொடியின் மகரந்தப்பையைக் கிள்ளி இன்னொரு கொடியின் சூல்முடியில் தொடவேண்டும். பூக்கும் வாரங்களில் அன்றாடம் இந்த வேலை உண்டு, பதினொரு மணிக்கு மேல் செய்தால் கூலிதான் மிச்சம். இதன் நடுவே பூச்சிமருந்துக் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு, புழுவுக்கும் இலைப்பேனுக்கும் பூக்கும் நேரத்தில் மருந்தடித்தால், மீதமிருந்த தேனீயும் போய்விடும், கூலி இன்னும் ஏறும். கருப்பு உடலில் வண்ணப் புள்ளி வைத்த காந்தள் புழுவைக் கையால் பொறுக்கியே அடக்கலாம். இதைத் தோட்டத்துக்கு வந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

வானிலையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பயிரைப் பற்றிப் பேச முடியாது. கண்வலி மழை குறைந்த செம்மண் பூமியின் பயிர். கொடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு படுத்திருக்கும். வறட்சியைத் தாங்கும் பயிர் வேண்டும் என்று மாநாடு போட்டுத் தேடுகிறீர்களே, அது இங்கே இருக்கிறது. இது தாங்காதது தண்ணீர் நிற்பதை. ஆடியில் நட்டால் பூவும் பிஞ்சும் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். ஒரு மாதத்து மழை இரண்டு நாளில் கொட்டினால் மகரந்தம் கழுவிப் போகும், இலைக்கருகல் ஒரு வாரத்தில் பந்தல் முழுவதையும் பழுப்பாக்கும், கீழே கிழங்கு அழுகும். மேட்டுப்பாத்தி, வடிகால், சொட்டுநீர், பந்தலில் காற்றோட்டம் எல்லாம் உதவும். ஆனால் கருகலைத் தாங்கும் வகை எது, இருபது நாள் முன்னதாகப் பூக்கும் வகை உண்டா என்பதற்கு விடை தோட்டத்தில் கிடைக்காது. பல ஊர்க் கிழங்குகளை ஒரே இடத்தில் வைத்து மூன்று பருவம் பார்த்தால்தான் கிடைக்கும்.

அறுவடைக்குப் பிறகு நடப்பது இன்னும் வேதனை. காய் நிறம் மாறித் தோல் சுருங்கும் பதத்தில் பறித்து, நிழலில் வைத்து, வெடித்ததும் செம்மஞ்சள் விதையைப் பிரிக்க வேண்டும். கொல்கிசின் புறஊதா ஒளி பட்டால் லூமிகொல்கிசினாக மாறி மருந்துக் குணத்தை இழக்கும் மூலக்கூறு. எனவே நிழல் உலர்த்தல் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் வெயில் களத்தில் காய்ந்த விதைக்கும் நிழலில் காய்ந்த விதைக்கும் தோட்டத்து வாசலில் ஒரே விலை. பிறகு ஈரப்பதம்: 20 விழுக்காடு ஈரத்தோடு இருக்கும் 100 கிலோ விதையை 10 விழுக்காட்டுக்குக் காயவைத்தால் எடை 89 கிலோவுக்கும் கீழே இறங்கும். ஒழுங்காகக் காயவைத்தவருக்கு 11 கிலோ நட்டம், ஈரத்தோடு தள்ளியவருக்கு லாபம். பூசணம் பிடித்த சாக்கு வந்தால் ஊர் விதைக்கே கெட்ட பெயர், அடுத்த வாரம் விலை இறங்கும். தரத்துக்கு விலை இல்லாத இடத்தில் தரம் எப்படி நிற்கும்?

பரிசோதனை நடக்காமல் இல்லை. வாங்குகிறவர்கள் செய்கிறார்கள், முடிவு அவர்களிடமே இருக்கும். "சத்து கம்மி" என்ற இரண்டு சொல்லுக்கு உழவரிடம் பதில் கிடையாது. எளிய நிறமாலைமானியில் பார்த்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். கொல்கிசின் 350 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் கொல்கிகோசைடும் அங்கேயேதான் உறிஞ்சும். இரண்டையும் சேர்த்த எண்தான் வரும். பிரித்துச் சொல்ல எச்பிஎல்சி கருவி வேண்டும். அரைத்த விதையில் எண்ணெயை ஹெக்சேனால் நீக்கி, மெத்தனாலில் இறக்கி, வடிகட்டி ஓட்டினால் ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான் கருவியில். இந்தக் கருவி பல வேளாண் கல்லூரிகளிலும் மருந்தியல் கல்லூரிகளிலும் இன்று இருக்கிறது. தை, மாசி மாதங்களில் அதில் ஒன்று உழவருக்குத் திறந்திருந்தால் போதும்.

குறைந்தபட்ச ஆதரவு விலையை எல்லோரும் கேட்கிறார்கள். மத்திய அரசின் பட்டியலில் உள்ள 22 பயிர்களில் இது இல்லை. சேர்த்தாலே தீர்ந்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. அரசு இந்த விதையை வாங்கி எங்கே வைக்கும், நியாயவிலைக் கடையிலா? விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே கடைசியில் வாங்கும் சரக்கு இது. இதற்கு வேண்டியது பரிசோதனைச் சீட்டோடு கூடிய ஏலமும், அன்றைய விலை எல்லோர் கண்ணிலும் படும் பலகையும், ஓர் அடித்தள விலையும்.

நஞ்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் அலட்சியம் உயிரை வாங்கும். இந்தக் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றோ வேறு வள்ளிக்கிழங்கு என்றோ தவறாக எண்ணிச் சாப்பிட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இறந்திருக்கிறார்கள். முதல் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அது தணிந்ததும் ஆள் தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்புவதுதான் நடக்கும் பெரிய தவறு. இரண்டாம் மூன்றாம் நாளில்தான் எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும். முறிமருந்து என்று கடையில் எதுவும் கிடையாது, ஆரம்பத்திலேயே கரித்தூளும் பெரிய மருத்துவமனையின் கண்காணிப்பும்தான் வழி. கிழங்கு பிரிப்பவர்களும் விதை உடைப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். வெறுங்கையோடு செய்துவிட்டு, அதே கையோடு தூக்குவாளியைத் திறக்கிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

இந்தத் தை அறுவடைக்கு முன் கண்வலி விளையும் வட்டாரத்துக்குள் ஓர் எச்பிஎல்சி பரிசோதனை மையத்தைத் திறந்துவிடுங்கள். மாதிரி கொடுத்த ஏழு நாளுக்குள் கொல்கிசின், கொல்கிகோசைடு, ஈரப்பதம் மூன்றையும் தனித்தனியாக எழுதிய சீட்டு உழவர் கைக்கு வரவேண்டும். கட்டணம் ஒரு கிலோ விதையின் விலையைத் தாண்டக் கூடாது. நிழலில் காய்ந்த விதைக்கும் களத்தில் காய்ந்த விதைக்கும் சத்து எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அதே மையம் முதல் பருவத்திலேயே அளந்து அறிவிக்க வேண்டும்.

அந்தச் சீட்டோடு வரும் விதைக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மறைமுக ஏலம் நடத்துங்கள். 10 விழுக்காடு ஈரத்தை அடிப்படையாக வைத்து எடையைக் கணக்கிடுங்கள். ஆண்டுதோறும் ஆடிக்கு முன் சாகுபடிச் செலவைக் கணக்கிட்டு வெளியிட்டு, அதற்குக் கீழே ஏலம் தொடங்கக் கூடாது என்று விதியுங்கள்.

திருப்பூர், கரூர், திண்டுக்கல், அரியலூர் மாவட்டங்களிலும், காட்டிலும் வேலியிலும் தானாக வளரும் இடங்களிலும் இருந்து கிழங்குகளைத் திரட்டி ஒரே இடத்தில் வையுங்கள். கொடுத்தவர் பெயரோடு பதிவு செய்யுங்கள். மூன்று பருவம் விளைச்சல், சத்து, கருகல், பூக்கும் நாள் ஆகிய நான்கையும் அளந்து, சிறந்தவற்றை நோய்நீக்கித் திசு வளர்ப்பில் பெருக்கி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் நாற்றங்கால்களுக்குக் கொடுங்கள். நான்காவது ஆடியில் சான்று ஒட்டிய கிழங்குச் சாக்கு விற்பனைக்கு வரவேண்டும். வெளியான மரபணு வரிசைகளைக் கொண்டு குறியீடு உருவாக்கும் வேலைக்குத் தனி நிதித் தலைப்பு வையுங்கள். வேறு திட்டத்தின் மிச்சப் பணத்தில் இது நடக்காது.

மரபணு வரிசைகளின் பயனில் உழவருக்குப் பங்கு கேட்கும் வேலையும் உங்களுடையதே. எண்மவடிவ மரபணுத் தகவலைப் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 விழுக்காடோ வருவாயில் 0.1 விழுக்காடோ செலுத்துவதற்கென்று 2025 பிப்ரவரியில், ஐ.நா. பல்லுயிர் ஒப்பந்தத்தின் கீழ், கொலம்பியாவின் காலி நகரத்தின் பெயரைக் கொண்ட ‘காலி நிதியம்’ தொடங்கப்பட்டிருக்கிறது. அதில் பாதியாவது பழங்குடியினருக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போகவேண்டும் என்பது அதன் நோக்கம். 2023-ல் திருத்தப்பட்ட பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி சாகுபடி மூலிகைகளுக்கு உள்ளூர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழு பிறப்பிடச் சான்று தரலாம். அந்தக் குழுக்கள் இந்த வட்டாரத்தில் கூடி, கண்வலிக்கிழங்கைத் தங்கள் பதிவேட்டில் எழுதி, உழவர் பெயரில் சான்று தரும்படி செய்யுங்கள். நாளை பங்கு கேட்கப் போகும்போது கையில் காகிதம் இருக்க வேண்டும்.

பூக்கும் மூன்று மாதங்களுக்கு வட்டார மழையளவை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டை இந்தப் பயிருக்கு வகுத்துத் தாருங்கள். கையுறையும், தமிழில் நஞ்சு எச்சரிக்கை அச்சிட்ட தனிநிறச் சாக்கும் கிழங்கோடு சேர்ந்தே விற்கப்பட வேண்டும். விளையும் வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் கொல்கிசின் நஞ்சுக்கான சிகிச்சை முறை ஒரு பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும். "மூன்று நாள் கண்காணிக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்" என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும்.

இவற்றில் எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய இயலாது, ஏன் என்பதை ஆடிப்பெருக்குக்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள். அந்த வாரம்தான் கிழங்கு பாத்திக்குள் இறங்குகிறது.

இப்படிக்கு,
கண்வலிக்கிழங்கு சாகுபடியாளர்களும் அவர்களோடு நிற்கும் பயிரியலாளர்களும்